கேள்வியில் இல்லாத கட்டை

கெலமங்கலம்,
12-10-1957

அன்பு மகள் சம்பங்கிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தவிர. அது மழை வருவதை வானத்துக்கு முன்பே தெரிந்துகொண்டு எனக்குச் சொல்லிவிடுகிறது. நீ விடுதியில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. உன் அம்மா அதற்கு உன் பெயரை வைக்கப் பார்த்தாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ராகி இந்த வருஷம் பரவாயில்லை. லால் பாஷா பாயின் மண்டியில் கடலை வரத்து தொடங்கிவிட்டதால் எனக்கு எழுத்து வேலை அதிகம், அதனால்தான் உன் கடிதத்துக்குப் பதில் தாமதமாயிற்று என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள். அது பொய். தாமதத்துக்குக் காரணம் வேறு, அதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

உன் கடிதமும் அதற்குள் நீ மடித்து வைத்திருந்த பௌதிகப் பரீட்சைத் தாளும் வந்து சேர்ந்தன. வகுப்பிலேயே கடைசி மதிப்பெண் உனக்குத்தான் என்றும், உன்னைச் சரித்திரப் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பௌதிக ஆசிரியை சொல்கிறார் என்றும், தீபாவளிக்குள் தகப்பனாரின் சம்மதக் கடிதம் வந்தால் பிரின்சிபால் மாற்றித் தருவார் என்றும் எழுதியிருந்தாய். அதோடு நின்றிருக்கலாம். 'அப்பா, பௌதிகத்துக்கு வேண்டிய மூளை எனக்கு இல்லை போலிருக்கிறது' என்று ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அதைப் படித்தவுடன் எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை, ஆகையால் எல்லோர்மேலும் வைத்துக்கொண்டேன். பெண் பிள்ளைக்குப் பௌதிகம் எதற்கு, தையல் போதாதா என்று உன் பள்ளிக்கூடத்தில் கேட்ட தலைமை ஆசிரியர்மேல் கோபப்பட்டேன். அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் தினமும் மண்டிக்குப் போகிறேன், இன்றுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து யுத்தத்துக்கு அனுப்பிவிட்டு என் ரயில் உத்தியோகத்தையும் கூடவே பெயர்த்த வெள்ளைக்காரன்மேல் கோபப்பட்டேன். அவன் ஊருக்குப் போய்ப் பத்து வருஷமாகிறது. கடைசியில் வழக்கம்போல உன் பெரியப்பா வெங்கடப்பன்மேல் வந்து நின்றேன். சேலத்தில் நான் இண்டர்மீடியட் முதல் வகுப்பில் தேறி, பி.எஸ்ஸி. சேர மெட்ராசில் இடமும் கிடைத்து, பெட்டி கட்டி வைத்திருந்தபோது, அப்பா போய்விட்டார், ஏர் பிடிக்க ஆளில்லை, உடனே புறப்பட்டு வா என்று தந்தி கொடுத்தவர் அவர். வந்து பார்த்தால் ஏர் பிடிக்க அவரும் இருந்தார், கூட இரண்டு ஆட்களும் இருந்தார்கள். பிரித்த பெட்டியை நான் மறுபடி கட்டவேயில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான், என்றாலும் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் தாளைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது.

பார்த்தேன். சம்பங்கி, உன் தாளில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அது உன் கண்ணுக்கும் படவில்லை, உன் ஆசிரியை கண்ணுக்கும் படவில்லை. லிப்டில் எடைக் கருவிமேல் ஒருவன் நிற்கிறான், லிப்ட் மேலே போகும்போது கருவி என்ன காட்டும் என்ற கணக்கில் உனக்கு முழு மதிப்பெண். பீரங்கி பின்னால் உதைக்கும் கணக்கில் முழு மதிப்பெண். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை தேடினாலும் ஒரு லிப்ட் கிடைக்காது, பீரங்கியை நீ கனவில்கூடக் கண்டதில்லை. ஆனால் கிணற்றிலிருந்து கப்பி வழியாகக் கயிற்றால் பாரம் இழுக்கும் கணக்கில் சைபர், சரிவில் இறங்கும் வண்டிக் கணக்கில் சைபர். பார்த்திராத பொருளிலெல்லாம் முழுசாக வாங்கியிருக்கிறாய், பிறந்தது முதல் பார்த்த பொருளிலெல்லாம் சைபர் வாங்கியிருக்கிறாய். மூளை இல்லாதவள் எல்லாவற்றிலும் அல்லவா தோற்றிருக்க வேண்டும்?

கப்பிக் கணக்கில் நீ என்ன செய்திருக்கிறாய் என்றால், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டுகிறவன் மாடு இறங்கும்போது வடத்தின்மேல் ஏறி உட்காருவான் அல்லவா, அவன் எடையையும் சேர்த்துவிட்டாய். கேள்வியில் ஆளே இல்லை. வண்டிக் கணக்கோ அதைவிட மேல். ஒரு டன் பாரமுள்ள வண்டி, இருபதுக்கு ஒன்று சரிவுள்ள வழுவழுப்பான பாதையில் நிலையிலிருந்து புறப்படுகிறது, பத்து நொடிக்குப் பின் அதன் வேகம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நொடிக்குப் பதினாறு அடி என்று நாலு வரியில் முடிகிற விடை. நீ முதல் வரியிலேயே 'வண்டியின் பின்னால் கட்டை கட்டியிருப்பதாகக் கொள்வோம்' என்று தொடங்கி, சரிவு வண்டியைத் தள்ளுகிற பாரம் நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு, அதைத் தாங்க எத்தனை கனமான கட்டை வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி, ஆகையால் வண்டி ஒரே சீராக இறங்கும், வேகம் கூடாது என்று அடிக்கோடு போட்டு முடித்திருக்கிறாய். பக்கத்தில் சிவப்பு மையில் உன் ஆசிரியை 'கேள்வியில் கட்டை எங்கே?' என்று கேட்டிருக்கிறார்.

அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? உத்தனப்பள்ளி சாலையில் முனியப்பன் மேடு இருப்பதும், பாரவண்டி எதுவும் அந்த மேட்டில் நிற்காமல் இறங்காது என்பதும், முனியப்பன் கல்லுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும் பொதுக் கட்டைகளில் ஒன்றை எடுத்து வண்டிக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுக்கவிட்டுத்தான் இறங்குவார்கள் என்பதும், இறங்கியதும் அதை அடிவாரக் குவியலில் போட்டுவிட, மேடேறுகிற வண்டிக்காரன் ஆளுக்கொரு கட்டையை மேலே ஏற்றிக்கொண்டு வந்து சேர்க்க வேண்டும் என்பதும் மெட்ராசில் யாருக்குத் தெரியும்? சின்ன வயதில் நீ மண்டி வண்டியில் என்னோடு வரும்போதெல்லாம் மேட்டில் எழுந்து நின்றுகொண்டு 'கட்ட போட்டாச்சா?' என்று கத்துவாய். போட்டாச்சு என்று நான் சொல்லாமல் வண்டியை நகர விடமாட்டாய். அப்படிப்பட்டவளிடம் வந்து, கட்டை இல்லாமல் ஒரு வண்டி மேட்டிலிருந்து இறங்குகிறது என்று சொன்னால் நீ எப்படி விடுவாய்? (அடிவாரத்திலிருந்து ஒரு கட்டையைக்கூட மேலே ஏற்றி வந்திராத ஒரே மனிதர் உன் பெரியப்பா. மாடு களைத்துவிடும் என்பார். மற்றவன் மாடு களைக்காதாம்.)

இதையெல்லாம் விளக்கி உன் ஆசிரியைக்கு இங்கிலீஷில் ஒரு காரமான கடிதம் எழுதினேன். நல்ல இங்கிலீஷ். உன் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே, "அந்தம்மா மேல எதுக்குக் கோவப்படறீங்க? வண்டி எவ்ளோ வேகமாப் போவும்னு கேட்டா, வண்டி போவாது, நானு கட்ட போட்டுட்டேன்னு இவ எழுதனா, எந்த வாத்தியாரு மார்க் போடுவாரு?" என்றாள். நான் கடிதத்தை மடித்தேன். அவள் விடவில்லை. "பொண்ணு யாருகிட்டக் கத்துக்கிச்சு? எதப் பாத்தாலும் பின்னால ஒரு கட்டயக் கட்டி இழுத்துகினு போறது இந்த வூட்டு வழக்கந்தானே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கடிதத்தை நான் அனுப்பவில்லை. அவள் சொன்னதற்காக அல்ல, தபால்பெட்டி திறக்கும் நேரம் தாண்டிவிட்டது.

பிறகு என் பழைய இண்டர்மீடியட் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அட்டை போய்விட்டது, கணக்குகள் அப்படியே இருக்கின்றன. உன்னிடம் பேசுவதற்கு முன் நானே போட்டுப் பார்க்க வேண்டும் என்று மண்டியில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போட்டேன். முதலில் ஒன்றும் வரவில்லை. விசைக்கான பவுண்டலையும் பவுண்டு எடையையும் குழப்பிக்கொண்டு, முப்பத்திரண்டால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்து, ஒரு எறும்பின் வேகத்தில் ஒரு ரயிலை ஓட்டினேன். லால் பாஷா பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா நாராயணப்பா, கடல மூட்டைய எழுதச் சொன்னா கப்பி படம் போடறியே, இந்த வயசுல யாரு உனக்குப் பரீட்ச வெக்கறது?" என்று கேட்டார். என் மகள் வைக்கிறாள் என்றேன். "அப்ப பாஸ் பண்ணிட்டு எந்திரி, மூட்ட வெளிய நனையுது" என்றார். அவர் நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை, இனிமேல் வந்தால் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை மண்டி வண்டிக்கு மாற்றுச் சக்கரம் ஒரு ஜோடி, அச்சோடு, இரும்புப் பட்டை மாட்டுவதற்கு அடிவாரத்திலிருக்கும் பட்டறைக்குப் போயிற்று. வண்டிக்காரன் முனிசாமியோடு நானும் போனேன். மேட்டில் வண்டியை நிறுத்திக் கட்டை கட்டும்போது எனக்கு ஒரு ஆசை வந்தது. கட்டை இல்லாமல் ஒன்று சரிவில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று நீயும் பார்த்ததில்லை, யோசித்தால் நானும் பார்த்ததில்லை. வண்டியை விட்டால் ஏர்க்கால் மண்ணில் குத்தி நின்றுவிடும். வெறும் சக்கரமும் அச்சும் என்றால் ஓடும். சாலை அடிவாரம்வரை நேராகக் கிடந்தது, எதிரே ஆள் இல்லை. ஜோடியை இறக்கு, உருட்டிவிடலாம் என்றேன். முனிசாமி என்னை ஒரு மாதிரி பார்த்து, "முனியப்பன் எதிர்லயே கட்ட இல்லாம வுடறதா? நானு மாட்டேன், நீயே வுட்டுக்க சாமி" என்று ஜோடியை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். அந்தச் சமயம் பார்த்து, ராயக்கோட்டைக்குக் கடலை ஏற்றிக்கொண்டு, தன் புதிய டயர் வண்டியில் உன் பெரியப்பா வந்து நின்றார். ஆறு மாதமாக அந்த டயர் வண்டியைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. "டேய் நாராயணப்பா, என்னாடா இது, சக்கரத்துக்கு மொட்ட அடிக்க வந்தியா?" என்றார். ஜோடியைச் சரிவுக்கு நேரே திருப்பி நிறுத்தினேன். கையை எடுத்தேன்.

முதலில் நகர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் நடப்பது போல நடந்தது. பிறகு ஒரு ஆள் நடையாயிற்று, பிறகு ஓட்டமாயிற்று, பிறகு எந்த ஆளாலும் ஓட முடியாததாயிற்று. ஒவ்வொரு நொடியும் முந்தைய நொடியைவிட அதே அளவு வேகம் கூடும் என்று சேலத்தில் மனப்பாடம் செய்ததை, சம்பங்கி, அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். யாரும் தள்ளவில்லை, யாரும் அடிக்கவில்லை, பூமி ஒன்றே இழுத்தது. எங்கள் மூன்று பேருக்கும் வாய் மூடவில்லை. அடிவாரத்துக் கட்டைக் குவியலில் மோதி, ஒரு கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓடைக்குள் போய் விழுந்தது. அச்சு முறியவில்லை. லால் பாஷா பாயிடம் நான் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

அப்போது உன் பெரியப்பா சக்கரம் போன வழியைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் வண்டியின் ரப்பர் டயரைப் பார்த்தார். அவர் மாட்டின் கழுத்துகளையும் நான் பார்த்தேன், இரண்டிலும் நுகத்தடி அழுத்திய புண். அந்த வண்டி இறக்கத்தில் மாட்டைத் தள்ளுகிறது, ஒரு தடவை அடிவாரத்து வளைவுக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட கைமீறிப் போயிற்று என்று மண்டியில் கேள்விப்பட்டிருந்தேன். அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்ல மாட்டார். நான் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் உன் படத்தை வரைந்தேன், நீ தாளில் வரைந்தது போலவே, சரிவு, வண்டி, பின்னால் கட்டை. சரிவு வண்டியைத் தள்ளுகிற பாரம் எவ்வளவு என்று உன் வரிகளை அப்படியே எழுதினேன். பட்டை போட்ட மரச் சக்கரம் மண்ணோடு உராய்ந்து அதில் பெரும் பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது, மிச்சத்தைத்தான் ஒரு கட்டை பிடிக்கிறது. டயர் அப்படி உராயாது, சுலபமாக உருளுகிறது என்றுதானே காசு கொடுத்து வாங்கினீர்கள், ஏற்றத்தில் எவ்வளவு சுலபமோ இறக்கத்தில் அவ்வளவு ஆபத்து, உங்கள் வண்டிக்கு ஒரு கட்டை போதாது, இரண்டு வேண்டும் என்றேன். "யாரு சொன்னது?" என்றார். சம்பங்கி என்றேன். "பொட்டப் புள்ள மெட்ராசுல குந்திகினு நம்ம முனியப்பன் மேட்டுக்குக் கணக்குப் போடுதா?" என்று சிரித்தார். முனிசாமியும் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. உன் பெரியப்பா மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு குவியலிலிருந்து வழக்கமான கட்டையோடு இரண்டாவது கட்டையையும் இழுத்து வந்து கட்டினார். "மாடு பாவம்னுதான் கட்டறேன், உம் பொண்ணு சொன்னதுக்காவ இல்ல" என்றார்.

இறங்கினார். மாடுகள் பின்னங்காலை ஊன்றி வண்டியைத் தடுக்கவில்லை, கழுத்தைத் தூக்கிக்கொண்டு சமதரையில் போவது போலப் போயின. நானும் முனிசாமியும் பின்னால் எங்கள் வண்டியில் ஒரு கட்டையோடு வந்தோம். நீ அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும், வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷமாக நான் சொல்லி அந்த மனிதர் ஒன்றையும் கேட்டதில்லை. நீ பரீட்சைத் தாளில் எழுதியதைக் கேட்டார்.

அடிவாரத்தில் கட்டைகளை அவிழ்த்துக்கொண்டே, "இந்தக் கணக்குக்கு அவளுக்கு எத்தினி மார்க்குடா குடுத்தாங்க?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வி இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு ஆளிடமிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை. பொய் சொல்லியிருக்கலாம். சைபர் என்றேன். "என்னாது?" என்றார். சைபர் என்றேன் மறுபடியும். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும் என்பது உனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாத நாலு வார்த்தை சொல்லிவிட்டு, "வண்டியையே பாக்காதவங்க கிட்டப் புள்ளய ஒப்படைச்சிருக்கறயே, உனுக்கு அறிவிருக்குதா?" என்று என்னைத் திட்டினார். பிறந்ததிலிருந்து நானும் அவரும் ஒரே பக்கம் நின்றது அது ஒருதடவைதான், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆகவே நான் உன் ஆசிரியைக்காக வாதாடத் தொடங்கினேன். அந்த அம்மாள் கேட்டது கட்டை இல்லாத வண்டி, இவள் சொன்னது கட்டை கட்டிய வண்டி, கேட்டதற்குப் பதில் சொல்லாதவளுக்கு எந்த வாத்தியாரும் மதிப்பெண் போட மாட்டார் என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் அம்மாவின் வார்த்தை என்று ஞாபகம் வந்தது.

மத்தூரில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் பையன் வீட்டார் தையில் பெண் பார்க்க வருவார்கள் என்று அவர் ஆடி மாதம் முதல் சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும், உன் பயமும் எனக்குத் தெரியும். வண்டியேறும்போது, என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு, "மத்தூர்க்காரங்களுக்கு இப்ப வேணாம்னு சொல்லிடறேன், அது படிக்கட்டும்" என்றார். நான் நன்றி சொல்லவில்லை. தந்தி இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஆனால் ஒன்றை எழுதாவிட்டால் நியாயமாகாது. நேற்று அவர் ராயக்கோட்டையிலிருந்து வெறும் வண்டியில் மேடேறி வந்தார், வண்டியில் இரண்டு கட்டைகள் கிடந்தன. ஏன் என்று முனிசாமி கேட்டதற்கு, "ஆளுக்கு ரெண்டு எடுத்தா மேல தீந்துபோவாதா? எவனாவது ஏத்தித்தான ஆவணும்" என்றாராம், என்னவோ அவரே கண்டுபிடித்த நியாயம் போல.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பௌதிகம் வரவில்லை என்பது பொய், கேள்வி படிக்க வரவில்லை என்பது மெய், இரண்டாவதைப் பழக்கத்தால் சரிசெய்யலாம். நானே போட்டுப் பார்த்ததில் கண்டதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். கணக்கைப் படித்ததும் படம் போடு, கேள்வியில் பெயர் சொல்லியிருக்கிற பொருளை மட்டும் போடு, மாடு வேண்டும் என்று கை துடித்தாலும் போடாதே. வழுவழுப்பான என்ற சொல்லைக் கண்டால், உராய்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பூமி இழுப்பதை மட்டும் பார் என்று கேட்கிறவர் சொல்கிறார் என்று எடுத்துக்கொள். அப்படி ஒரு பாதை உலகத்தில் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். சக்கர ஜோடி தனியாக ஓடியதைப் பார்த்த பிறகுதான் இரண்டு கட்டை வேண்டும் என்று என்னாலும் துணிந்து சொல்ல முடிந்தது. புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடையை முதலில் பார்க்காதே, விடை வந்த பிறகு அது நடக்கக்கூடிய விடையா என்று ஒரு நிமிஷம் யோசி. அந்த யோசனை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மற்றப் பெண்களுக்குத்தான் சொல்லித்தர வேண்டும். பவுண்டலில் என்னைப் போல வழுக்காதே. தினமும் கொஞ்சம் போடு, ஒரே நாளில் ஒரு மூட்டை போடாதே. உன் கட்டைக் கணக்கையும் விடாதே, கேட்டதற்கு விடை எழுதி முடித்த பிறகு தாளில் இடமிருந்தால் கீழே எழுது, மதிப்பெண் கிடைக்காவிட்டாலும் எழுது.

நீ கேட்ட சம்மதக் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். அதைச் சரித்திரத்துக்கு என்றும் எழுதவில்லை, பௌதிகத்துக்கு என்றும் எழுதவில்லை. என் மகள் சம்பங்கி எந்தப் பிரிவில் படிக்க விரும்புகிறாளோ அந்தப் பிரிவில் படிக்க எனக்குப் பூரண சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் ஆசை எது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது, ஆனால் பெட்டி கட்டிய ஒருவனைத் தந்தி கொடுத்து இழுத்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவன் நான், என் கையிலிருந்து அப்படி ஒன்று உனக்கு வராது, பின்னால் இழுக்கவும் வராது, முன்னால் தள்ளவும் வராது. சரித்திரம் படித்தாலும் நீ என் மகள்தான், அதில் கொஞ்சம் வெள்ளைக்காரனைத் திட்டவாவது இடம் இருக்கும்.

வருகிற வாரம் லால் பாஷா பாயின் தம்பி மெட்ராசுக்கு வருகிறார், அவரிடம் ராகி மாவும் கடலை உருண்டையும் அம்மா கொடுத்தனுப்புகிறாள், விடுதிப் பெண்களுக்கும் கொடு, பாத்திரத்தை மறக்காமல் திருப்பி அனுப்பு. மழைக் காலம், தலை ஈரத்தோடு படுக்காதே. தீபாவளிக்கு வர முடிந்தால் வா, பரீட்சை இருந்தால் வர வேண்டாம், அதற்காக நாங்கள் வருத்தப்பட மாட்டோம், உன் அம்மா கொஞ்சம் படுவாள். நீ எல்லா நலமும் பெற்று, நினைத்த படிப்பைப் படித்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நிமிர்ந்து வாழ வேண்டும் என்று முனியப்பனை வேண்டிக்கொள்கிறோம்.

பௌதிகத்திலேயே இருப்பதென்று முடிவு செய்தால் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த தடவை பரீட்சையில் அந்த வண்டி வந்தால் விட்டுவிடு, ஓடட்டும். கட்டை போட்டாச்சா என்று மேட்டில் நின்று கத்துவதை இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதில் பெருமை கொண்ட அப்பா,
வெ. நாராயணப்பன்